வாராவாரம் ஜாஸ்: எல்லையோர ஊர் ரெஸ்டாரண்டில் கச்சேரித் தொடர் தொடங்குவது எப்படி

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை என்று தமிழ்நாடு-கேரள எல்லையில் தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சர்ச்சுக்கு ஒரு கீபோர்டுக்காரர் இருக்கிறார். பாடற்குழுவில் நான்கு குரலையும் பிரித்துப் பாடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திருவிழாப் பேண்டு செட்டில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஊதுகிறவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கானமேளா (மேடைப் பாட்டுக் கச்சேரி) டிரம்மர்கள், இந்தப் பக்கம் மெல்லிசைக் குழு கிதார்க்காரர்கள் என்று ஜாஸுக்கு வேண்டிய எல்லாரும் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில்தான் இருக்கிறார்கள். வாரம் தவறாமல் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் அவர்கள் சேர்ந்து வாசிக்க ஓர் அறைதான் கிடைப்பதில்லை.

அந்த அறை ஒரு ரெஸ்டாரண்டாக இருப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. இந்தியாவில் ஜாஸ் வளர்ந்ததில் ஹோட்டல் சாப்பாட்டுக் கூடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1935-லேயே பம்பாய் தாஜ்மஹால் ஹோட்டலில் அமெரிக்கக் கலைஞர் லியோன் ஆபியின் குழு வாசித்தது. இந்தக் கட்டுரை 40 பேர் உட்காரக்கூடிய, மது இல்லாத, குடும்பத்தோடு வந்து சாப்பிடும் எல்லையோரக் கடையை மனதில் வைத்து எழுதப்பட்டது. கடைக்காரருக்கும் உதவும், இடம் தேடும் குழுவுக்கும் உதவும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கீழே பல படிகளில் "சத்தத்தைக் குறையுங்கள்" என்பது ஏதாவது ஒரு வடிவத்தில் வரும். இப்படிப்பட்ட தொடர் நின்றுபோனால் கூட்டம் வரவில்லை என்றுதான் காரணம் சொல்வார்கள். வந்தவர்கள் ஏன் இரண்டாம் முறை வரவில்லை என்று விசாரித்தால், எதிரில் இருக்கிறவரிடம் பேசிக்கொண்டு சாப்பிட முடியவில்லை என்பார்கள்.

1. கிழமையும் மாதமும்

எங்கள் பரிந்துரை வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை பல சபைகளில் உபவாச ஜெபம். சனிக்கிழமை மாலை பாடற்குழுப் பயிற்சி, அதோடு கல்யாண வரவேற்புக் கச்சேரிகள். ஞாயிறு காலை ஆராதனையில் வாசித்த கீபோர்டுக்காரரை மாலையில் மறுபடி கூப்பிட்டால் கைதான் வரும், மனம் வராது. வார இறுதியில் கடையும் எப்படியும் நிறையும். இசை போட்டுக் கூடுதலாக ஆள் சேர்க்க வேண்டிய நாள் வாரத்தின் நடுவில்தான் இருக்கிறது.

மாதம் அதைவிட முக்கியம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை தொடங்காதீர்கள். சபரிமலை வாகனங்களால் நெடுஞ்சாலை நெரியும். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 வரை ஓடும், அதன்பின் கிறிஸ்துமஸ் கேரல் சுற்று. வாசிக்கிறவர்கள் ஒருவரும் கையில் சிக்க மாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் கேளிக்கை மேடை ஏறாதவர்களும் உண்டு. ஆகவே தவக்காலத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, ஈஸ்டர் முடிந்த வாரங்களில் தொடங்குவது நல்லது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஏப்ரல் 30 உலக ஜாஸ் தினம். யுனெஸ்கோ 2011-ல் அறிவித்து, 2012 முதல் கொண்டாடப்படுகிறது. முதல் சில வாரங்களுக்குள் அந்தத் தேதி வந்தால் விளம்பரத்துக்கு அதுவே போதும். ஓணத்துக்கு முந்திய பிந்திய வாரங்களில் கேரளப் பக்க டிரம்மர் கிடைக்க மாட்டார் என்பதையும் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.

12 வாரம் என்று முடிவு செய்து அறிவியுங்கள். இடையில் விடுமுறை இருந்தால் அதையும் முதல் நாளே எழுதிப் போடுங்கள். சொல்லாமல் ஒரு வாரம் விட்டால், தூரத்திலிருந்து வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பும் நான்கு பேர் பிறகு வரவே மாட்டார்கள்.

2. அறையைக் கைதட்டிப் பாருங்கள்

கடை காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரு தடவை ஓங்கிக் கைதட்டுங்கள். தட்டு நின்றபின் வால் போல ஓசை நீண்டு, "ஒன்று" என்று நிதானமாகச் சொல்லி முடித்த பிறகும் கேட்டால் அறை எதிரொலிக்கிறது. நம் பக்கக் கடைகளில் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மூன்றும் ஓசையை விழுங்காமல் திருப்பி எறியும். அதனால் டிரம் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கும், பேச்சும் குழம்பும், ஒவ்வொரு மேசையும் தன் குரலை உயர்த்தும், அதைத் தாண்ட வாத்தியக்காரர்களும் உயர்த்துவார்கள்.

சரிசெய்ய ஸ்டூடியோச் செலவு வேண்டாம். வாத்தியக்காரர்களுக்குப் பின்சுவரில் மடிப்பு நிறைய விட்டுக் கனத்த திரைச்சீலை. சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் பலன் கூடும். தரையில் தடித்த கயிற்றுப்பாய். மேசைமேல் துணி விரிப்பு. இதனால் எவர்சில்வர் தட்டு, டம்ளர் ஓசையும் அடங்கும். முட்டைத் தட்டை ஒட்டுவதால் பயன் இல்லை. அதுவும் மலிவான ஃபோமும் தீப்பிடித்தால் மளமளவென்று எரியும் என்பதால் சமையல் நடக்கும் இடத்தில் இரண்டையும் நினைக்கவே வேண்டாம்.

மேடை எதுவும் கட்ட வேண்டியதில்லை. மூன்று பேருக்கு 10 அடிக்கு 8 அடி, நான்கு பேருக்கு 12 அடிக்கு 8 அடி ஒதுக்குங்கள். மூலையைத் தவிர்க்க வேண்டும். இரண்டு சுவர் சேரும் இடத்தில் பேஸ் ஓசை வீங்கி "பூம்" என்று இடிக்கும். கண்ணாடிக்கு முன்னாலும் வேண்டாம். சீலிங் ஃபேனுக்கு நேர்கீழே வைத்தால் தாள் பறக்கும், மைக்கில் காற்று இரையும். ஏசி காற்று கிதார்மேல் நேராக அடித்தால் பாட்டுக்கு ஒரு தடவை சுருதி சேர்க்க வேண்டிவரும்.

3. குழு: மூன்று பேர் நிலையாக, ஒருவர் மாறி மாறி

ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் குழுவைத் தேடுகிற தொடர் ஆறாவது வாரத்தில் திணறும். கீபோர்டு, பேஸ் கிதார், டிரம்ஸ் என்று மூன்று பேர் நிலையாக இருக்கட்டும். வாரம் ஒரு விருந்தாளி: டிரம்பெட், சாக்ஸபோன், வயலின், பாட்டு, எதுவானாலும். மூவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் விருந்தாளி ஒரு மணி நேர ஒத்திகையில் ஒட்டிக்கொள்வார். மூவருக்கும் மாற்று ஆள் ஒருவரைப் பெயர் குறித்து வைத்திருங்கள்.

ஆளைப் பிடித்தபின்தான் உண்மையான வேலை. ஒவ்வொருவருக்கும் அவரவர் இடத்துப் பழக்கம் ஒன்று இருக்கும். அதை ஜாஸுக்காகக் கழற்ற வேண்டும்.

கீபோர்டுக்காரர் சர்ச்சில் தனியாளாக எல்லாவற்றையும் தாங்கிப் பழகியவர். இடது கையில் பேஸ், வலது கையில் முழுக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), சில நேரம் கீபோர்டிலேயே ஓடும் தாளமும். முதலில் அந்த ஸ்டைல் பட்டனை அணைத்து, கச்சேரி முடியும்வரை தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். அடுத்து, பேஸ் கிதார் இருக்கும்போது இடது கை அடிச்சுரத்தை விட வேண்டும். கார்டின் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் மட்டும் போதும். அடிச்சுரத்தைப் பேஸ் கொடுத்துவிடும். இதைச் செய்யாவிட்டால் கீழ்ப்பகுதி சேறாகிவிடும், மைக் செட்டுக்காரர் எந்தக் குமிழைத் திருகினாலும் தெளியாது.

டிரம்மருக்கு, குச்சிக்குப் பதில் மெல்ல அடிக்கும் பிரஷ் இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள். குச்சி பெட்டியிலேயே இருக்கட்டும். பேஸ் டிரம் 18 அல்லது 20 அங்குலம் போதும், அதையும் காலால் வருடுகிற அளவுக்குத்தான் அடிக்க வேண்டும். கானமேளாவில் ஆயிரம் பேருக்கு அடித்தவருக்கு இது லேசில் வராது. இரண்டு ஒத்திகையை இதற்கென்றே செலவிடுங்கள்.

இனி ஸ்விங். ஜாஸின் நடை இதில்தான் இருக்கிறது. ஓர் அடியைத் திஸ்ரமாக "த-கி-ட" என்று மூன்றாகப் பிரித்து, நடுவில் வரும் "கி"யைச் சொல்லாமல் விடுங்கள்: "த…ட, த…ட". சமமாக இரண்டாக வெட்டாமல், முதல் துண்டு நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் விழும். டிரம்மரின் வலது கை சிம்பலில் "டிங், டிங்-க, டிங், டிங்-க" என்று இதே கணக்கில் போகும். இடது காலால் மூடும் ஹை-ஹாட் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் விழ வேண்டும். நம் பழக்கத்தில் கை ஒன்றிலும் மூன்றிலும் தட்டும். பயிற்சியில் எல்லாரையும் இரண்டு, நான்கில் தட்டிக்கொண்டே பாட வைத்தால் ஒரு வாரத்தில் பிடிபடும். வேகம் கூடக்கூட இந்த நீளம்-குட்டை வித்தியாசம் தானாகக் குறையும். வேகப் பாட்டில் திஸ்ரத்தை வற்புறுத்தினால் நொண்டியடிக்கும்.

ஊதுகிறவர்களுக்குத் தாள் கொடுக்கும்போது ஒரு தவறு கட்டாயம் நடக்கும். டிரம்பெட்டும் டெனர் சாக்ஸும் பி ஃப்ளாட் வாத்தியங்கள், அதாவது தாளில் உள்ள சி-யை ஊதினால் பி ஃப்ளாட் கேட்கும். ஆல்டோ சாக்ஸ் ஈ ஃப்ளாட் வாத்தியம், அதில் ஈ ஃப்ளாட் கேட்கும். கீபோர்டில் பி ஃப்ளாட்டில் வாசிக்கும் பாட்டு டிரம்பெட் தாளில் சி-யிலும், ஆல்டோ தாளில் ஜி-யிலும் எழுதியிருக்க வேண்டும். கீபோர்டு எஃப் என்றால் டிரம்பெட்டுக்கு ஜி, ஆல்டோவுக்கு டி. மூன்று நகலையும் தனித்தனி நிறத் தாளில் எடுத்து வையுங்கள். மேடையில் கீபோர்டின் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், அடுத்த பாட்டில் அதை எடுக்க மறந்து எல்லாரும் வேறு வேறு சுருதியில் நிற்பீர்கள்.

4. என்ன வாசிப்பது, எவ்வளவு நேரம்

தொடங்குகிறவர்களுக்கு 12 பார் ப்ளூஸ்தான் கதவு. பார் என்றால் இங்கே நான்கு அடி கொண்ட ஒரு தாள அளவு. எஃப்-இல் சொன்னால்: 4 பார் எஃப் செவன் கார்டு, 2 பார் பி ஃப்ளாட் செவன், மறுபடி 2 பார் எஃப் செவன், 1 பார் சி செவன், 1 பார் பி ஃப்ளாட் செவன், கடைசி 2 பார் எஃப் செவன். இதைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். அடுத்து 32 பார் பாட்டுகள்: 8 பாராக நான்கு பகுதி, பெரும்பாலும் அ-அ-ஆ-அ என்ற அமைப்பு. முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு அதே கார்டுச் சுற்றின்மேல் ஒவ்வொருவராகக் கற்பனை செய்வார்கள். முடிவில் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியை வைத்து நிரவலும் கற்பனாஸ்வரமும் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது.

நேரக் கணக்கு போடத் தெரிய வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் 32 பார் ஒரு சுற்று 64 வினாடி. மெட்டு 1 சுற்று, சாக்ஸ் 2, கீபோர்டு 2, பேஸ் 1, டிரம்மரோடு நாலு நாலு பாராக மாறி மாறி 1, மெட்டு 1. மொத்தம் 8 சுற்று, எட்டரை நிமிடம். 45 நிமிடத்தில் ஐந்து பாட்டுக்குமேல் போகாது. ஆளுக்கு நான்கு சுற்று என்று ஆரம்பித்தால் ஒரே பாட்டு கால் மணி நேரம் ஓடி, சாப்பிடுகிறவர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். முதல் மாதம் ஆளுக்கு இரண்டு சுற்று என்பதை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 12 வாரத்துக்கு 20 பாட்டு தேறினால் போதும். ஒரு மாலையில் வாசிக்கும் பத்தில் இரண்டை மட்டும் வாராவாரம் மாற்றுங்கள். வேகம், தாளம், சுருதி மூன்றும் ஒன்றாக இருக்கும் இரண்டு பாட்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். பழைய திரைப்பாட்டு ஒன்றை ஜாஸ் நடையில் வாசிப்பது கூட்டத்தை உள்ளே இழுக்கும். மாலைக்கு ஒன்று போதும். இரண்டைத் தாண்டினால் விருப்பப் பாட்டுச் சீட்டு வர ஆரம்பித்து, மூன்றாம் வாரம் அது இன்னொரு மெல்லிசை இரவாகிவிடும்.

5. மைக் செட்

40 இருக்கைக்கு 10 அங்குல ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) இரண்டு, 8 முதல் 12 சேனல் மிக்ஸர், டைனமிக் மைக் மூன்று, கீபோர்டை மிக்ஸரோடு சேர்க்க டிஐ பாக்ஸ் ஒன்று, பேஸுக்குச் சின்ன ஆம்ப். இவ்வளவுதான். டிரம்ஸுக்கு மைக் வேண்டாம்.

வாடகைக்கு எடுத்தால் மைக் செட்டுக்காரரிடம் மூன்று விஷயத்தை முன்பே பேசிவிடுங்கள்: எக்கோ வேண்டாம், பெரிய பேஸ் பெட்டி வேண்டாம், கச்சேரி நடக்கும்போது ஒலியைக் கூட்ட வேண்டாம். திருவிழாவுக்குப் பழகிய கை அது. சொல்லாவிட்டால் அன்போடு எல்லாவற்றையும் கூட்டி வைப்பார்.

ஸ்பீக்கர் இரண்டும் வாத்தியக்காரர்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து, உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே நிற்க வேண்டும். மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் வந்தால் "கீ…" என்று ஊளையிடும். ஊளை வந்தால் முதலில் அந்த மைக்கின் ஒலியைக் குறையுங்கள், பிறகு மைக்கை வாய்க்கு நெருக்கமாகக் கொடுங்கள், அதற்குப் பிறகுதான் டோன் குமிழ். பாட்டு மைக் செருகும் மிக்ஸர் சேனல்களில் பெரும்பாலும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டன் இருக்கும். எப்போதும் அமுக்கியே இருக்கட்டும்.

அளவு வேண்டுமானால் கைபேசியில் டெசிபல் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தள்ளி இருவர் பேசும் சத்தம் 60 டெசிபல் வாக்கில் இருக்கும். நடு மேசையில் 70 முதல் 75, முன் மேசையில் 80-க்குள் இருந்தால் குனிந்து பேசலாம், இசையும் கேட்கும். ஆப் சில டெசிபல் பிசகும்; ஆனாலும் அதே கைபேசி, அதே மேசை என்று வாராவாரம் அளந்தால் ஒப்பிடப் பயன்படும்.

இரைச்சல் வந்தால் எங்கே தேடுவது? ஒரே சீராக "ம்ம்ம்" என்று தாழ்வாக இரைந்தால் பெரும்பாலும் எர்த் சிக்கல். கீபோர்டு ஒரு பிளக்கிலும் மிக்ஸர் கடையின் மறுகோடியிலும் செருகியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். இந்த அளவு கருவிகள் சேர்ந்து 1,500 வாட்டைத் தாண்டாது. அப்போதும் இரைந்தால் டிஐ பாக்ஸில் உள்ள, சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது, அதை விட்டுவிட்டு இரண்டு வயரை மட்டும் சொருகுவது இரண்டும் உயிருக்கு ஆபத்து. கிதார்க் கம்பியைப் பிடித்த கையும் மைக்கைத் தொடும் உதடும்தான் அதற்கு விலை கொடுக்கும். கிதாரில் "ஜ்ஜ்ஜ்" என்று சுரண்டுகிற ஓசை வந்தால் அலங்கார எல்ஈடி விளக்கின் டிம்மரை அணைத்துப் பாருங்கள். அவ்வப்போது "டப்" என்று அடித்தால் அது ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், பிளக்கை மாற்றுங்கள்.

6. சமையலறையோடு ஓர் உடன்படிக்கை

பேஸ் தனியாக வாசிக்கும்போது கல்லில் கொத்து பரோட்டா விழுந்தால் எல்லாம் முடிந்தது. நம் பக்கத்துக் கடைகளில் பரோட்டாக் கல் வாசலிலேயே இருப்பதால் இதற்கு ஒரு வழி கண்டே ஆக வேண்டும். அந்த மாலைக்குக் கொத்து இடைவேளையில் மட்டும் என்று மெனு அட்டையிலேயே அச்சடியுங்கள். ஜூஸ் மிக்ஸியும் அப்படியே. சாதாப் பரோட்டா, பீஃப் ரோஸ்ட், மரச்சீனியும் மீன்கறியும், ஆப்பம், புட்டு எல்லாம் சத்தமில்லாமல் பரிமாறக் கூடியவை.

7 மணிக்குக் கதவு திறந்து ஆர்டர் எடுங்கள். 7:30-க்கு முதல் பகுதி தொடங்கும்போது முக்காவாசித் தட்டு மேசைக்கு வந்திருக்க வேண்டும். 8:15 முதல் 8:40 வரை இடைவேளை. சாயா, பழம்பொரி, ரசவடை, கொத்து, ஜூஸ் எல்லாம் அந்த 25 நிமிடத்தில் ஓடட்டும். 8:40 முதல் 9:25 வரை இரண்டாம் பகுதி. பில்லை அதன் கடைசிப் பாட்டுக்கு முன்னால் வைத்துவிடுங்கள். முடிந்தபின் வைத்தால் கல்லாவில் கூட்டம் நெரியும். 9:45-க்குள் எல்லாம் நிற்க வேண்டும். பரிமாறுகிறவர்களிடம் ஒரு வரி சொல்லிவையுங்கள்: பாட்டு நடக்கும்போது மேசைக்குப் போகலாம், உரக்கக் கூப்பிட்டு ஆர்டர் சொல்லக் கூடாது.

அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும், இரண்டுக்கும் சேர்த்து அரை நிமிடம். ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் நடுவிலேயே கைதட்டலாம் என்று முதல் நாள் சொல்லிக்கொடுங்கள். தெரியாமல் தயங்கி உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர், சொன்னால் சந்தோஷமாகத் தட்டுவார்கள்.

7. அனுமதியும் உரிமமும்

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் கூடாது. வணிகப் பகுதிக்குப் பகல் வரம்பு 65 டெசிபல், குடியிருப்புக்கு 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். மூடிய அறைதான் என்றாலும் தொடங்கும் முன் காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். பின்வீட்டுக்காரரையும் நேரில் போய்ப் பாருங்கள். புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

பாட்டு உரிமம் கடையின் பொறுப்பு. உரிமையுள்ள மெட்டுகளை நேரடியாக வாசிக்க, இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைக்கான ஐபிஆர்எஸ் அமைப்பிடம் உரிமம் எடுக்க வேண்டும். இடைவேளையில் பதிவு செய்த இசையைப் போட்டால் அந்தப் பதிவுக்கு உரிமம் தனி. இந்தியச் சட்டத்தில் இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டு முடிந்ததும் மெட்டு பொதுச்சொத்தாகிறது. அதனால் ஜெல்லி ரோல் மார்ட்டன் (இறப்பு 1941), ஃபேட்ஸ் வாலர் (1943), சார்லி பார்க்கர் (1955), டபிள்யூ. சி. ஹேண்டி (1958) ஆகியோரின் மெட்டுகள் இங்கே தடையற்றவை. கோல் போர்ட்டர் 1964-ல் இறந்தார், ஆகவே அவருடையவை 2025 தொடக்கத்திலிருந்து. டியூக் எலிங்டன் (1974), தெலோனியஸ் மங்க் (1982) இன்னும் உரிமைக்குள் இருக்கிறார்கள். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1937-ல் காலமானாலும், பல பாட்டுக்கு வரி எழுதிய அவர் அண்ணன் ஐரா 1983 வரை இருந்தார். வாத்தியத்தில் வாசிக்கலாம், பாட வேண்டுமானால் உரிமம் வேண்டும். பிற்காலத்தில் ஒருவர் செய்த இசைக்கோவைக்கும் தனி உரிமை உண்டு, ஆகவே மெட்டை எடுத்துக்கொண்டு கோவையை நீங்களே செய்யுங்கள்.

8. பணம்

வெளிநாட்டு ஜாஸ் கிளப்புகளை மது விற்பனை தாங்குகிறது. நம் கடையில் சாயாவும் மீன்கறியும்தான் தாங்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம், உங்கள் எண்ணை நிரப்பிக்கொள்ளுங்கள். விருந்தாளிக்குக் கொடுப்பதைச் சேர்க்காமல், மூவருக்கும் தலா 2,000, போக்குவரத்தும் மற்றதும் 1,000, ஆக 7,000 ரூபாய். ஒருவர் பில் 350, அதில் கைக்கு நிற்பது 30 சதவீதம், அதாவது 105. வழக்கமான வியாழக்கிழமை அந்த நேரத்துக்கு 15 பேர் வருவார்கள் என்றால், 40 இருக்கையும் நிறைந்தாலும் கூடுதல் 25 பேர்தான், 2,625 ரூபாய். சாப்பாட்டு லாபம் மட்டும் குழுச் செலவை ஒருபோதும் தாங்காது.

ஆகவே தலைக்கு 100 ரூபாய் இசைக் கட்டணம் வையுங்கள். நிறைந்த நாளில் 4,000 சேர்ந்து 6,625 ஆகும், கிட்டத்தட்டச் சரிக்கட்டும். 30 பேர் வந்த நாளில் 3,000-மும் 1,575-ம் சேர்ந்து 4,575. சுமார் 2,400 கைநஷ்டம். 12 வாரமும் அப்படியே போனாலும் ஏறத்தாழ 30,000. இந்தத் தொகையை இழக்கத் தயார் என்றால் தொடங்குங்கள். இல்லையென்றால் மாதம் இரு முறை என்று குறைக்காமல், இரண்டு பேர் குழுவோடு வாராவாரம் நடத்துங்கள். கீபோர்டும் பேஸும் மட்டும் இருந்தாலே அழகான ஜாஸ் வரும். கட்டணத்தை வாசலில் பெரிய எழுத்தில் போடுங்கள், பில்லில் திடீரென்று சேர்த்தால் சண்டைதான். ஜிஎஸ்டி, உள்ளாட்சிக் கேளிக்கை வரி பற்றி ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள்.

வாத்தியக்காரர்களுக்கு அன்றிரவே கையில் பணம், அதோடு சாப்பாடு. "கூட்டம் வந்தால் தருகிறோம்" என்ற பேச்சு வேண்டாம். எல்லை தாண்டி வாடகை வண்டியில் வருகிறார்கள் என்றால் வண்டிக்குப் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். குழித்துறை, பாறசாலை ரயில் நிலையங்களுக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

9. ஐந்தாம் வாரத்திலிருந்து ஜாம்

ஜாம் என்றால் வந்தவர்களும் மேடையேறிக் குழுவோடு சேர்ந்து வாசிப்பது. முதல் நான்கு வாரம் வெளியாட்களை ஏற்ற வேண்டாம். ஐந்தாம் வாரம் முதல் 9:25-லிருந்து 20 நிமிடம் திறந்துவிடுங்கள். பெயர், வாத்தியம், பாட்டு, சுருதி எழுத வாசலில் ஒரு நோட்டு. ஒரு நேரத்தில் ஊதுகிறவர் இருவருக்குமேல் வேண்டாம். கரோக்கி டிராக் கிடையாது. பாட்டுத் தெரியாமல் வருகிறவருக்கு எஃப் ப்ளூஸ், ஆளுக்கு இரண்டு சுற்று. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவர்களை முதலில் ஏற்றுங்கள். அடுத்த வருடத்துக் கீபோர்டும் டிரம்பெட்டும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

10. மழை, ஈரம், மின்தடை

இரண்டு பருவமழையும் பெய்கிற மண் இது. கடையின் ஒரு பகுதிக்குத் தகர ஷீட் கூரை என்றால், மழை விழுந்ததும் பிரஷ் ஓசை அப்படியே காணாமல் போகும். ஒலியைக் கூட்டிப் போட்டியிடாதீர்கள். மழை விடும்வரை இடைவேளையை முன்னுக்கு இழுங்கள்.

ஈரத்தில் சாக்ஸபோனின் துளைகளை மூடும் பேட் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய உறிஞ்சுதாளை இடையில் வைத்து மூடி எடுத்தால் விடும். ஊதும் வாத்தியம் சூடேறச் சுருதி ஏறும், ஆகவே 10 நிமிடம் ஊதிய பிறகே கீபோர்டோடு சேர்க்க வேண்டும். கீபோர்டு ஏ சுரம் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று வாராவாரம் பாருங்கள். சர்ச்சில் யாராவது மாற்றி வைத்திருப்பார்கள்.

மின்சாரம் போனால் ஸ்பீக்கரைக் காப்பாற்ற வேண்டியதில்லை, கீபோர்டையும் மிக்ஸரையும் காப்பாற்றுங்கள். கீபோர்டு அணைந்து திரும்ப வருவதற்குள் பாட்டு செத்துவிடும். சின்ன யுபிஎஸ் ஒன்று போதும். இன்வெர்ட்டர் என்றால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், மற்றதில் இரைச்சல் வரும். இருட்டில் டிரம்மும் டிரம்பெட்டும் மட்டும் தொடர்ந்து வாசிக்க ஒரு ப்ளூஸ் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

11. கடை அடைக்கும்போது

அணைக்கும்போது முதலில் ஸ்பீக்கர், கடைசியில் மிக்ஸர். மாற்றிச் செய்தால் "தொம்" என்று அடித்து ஸ்பீக்கர் கெடும். போடும்போது மிக்ஸர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். வயரை முழங்கையில் சுற்றாமல் வட்டமாக மடித்துத் துணி நாடாவால் கட்டுங்கள். மைக் தலையைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பை போட்ட டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். நோட்டில் நான்கே வரி எழுதுங்கள்: எத்தனை பேர், நடு மேசையில் எத்தனை டெசிபல், எந்தப் பாட்டுக்குப் பேச்சு நின்றது, எந்தப் பாட்டில் எழுந்து போனார்கள். அடுத்த வியாழன் பாட்டு வரிசையை அந்த நோட்டைப் பார்த்து அங்கேயே எழுதி, வீட்டுக்குப் போகும் முன் மூவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.